தாயைப் போல அல்ல, பாட்டியைப் போல

அன்புள்ள கயல்விழிக்கு,

ஆராய்ச்சிக்கு வந்தவளுக்குக் கதை எழுதும் வேலை எதற்கு என்று உன் நெறியாளர் கேட்டதாக எழுதியிருந்தாய். நீ இருக்கும் அதே பெர்லினில் வாழ்ந்து, கதையும் எழுதி ஆராய்ச்சியும் செய்த அடெல்பெர்ட் ஃபான் ஷமிஸ்ஸோவை அவர் மறந்துவிட்டார் போலும்.

1781-இல் பிரான்சில் பிரபு வீட்டில் பிறந்தவர். புரட்சியில் சொத்து பறிபோய், குடும்பம் அலைந்து திரிந்து பெர்லினுக்கு வந்தது. பெர்லினை ஆண்ட பிரஷ்ய அரசின் படையில் சில காலம் இருந்துவிட்டு, முப்பதைத் தாண்டிய பிறகுதான் பல்கலைக்கழகத்தில் போய் உட்கார்ந்தார். 1813-இல் பிரஷ்யா நெப்போலியனை எதிர்த்துக் கிளம்ப, பிரெஞ்சுக்காரரான இவர் பாடு திண்டாட்டம். கிராமத்துப் பண்ணை ஒன்றில் ஒதுங்கி, செடி சேகரித்தபடியே ‘பீட்டர் ஷ்லெமீல்’ கதையை எழுதினார். ஷ்லெமீல் தன் நிழலை விற்று, எடுக்க எடுக்கக் குறையாத பொற்காசுப் பையை வாங்குகிறான். நிழலில்லாதவனை ஊர் ஒதுக்குகிறது. கடைசியில் ஓரடிக்கு ஏழு காதம் தாண்டும் காலணி கிடைத்து, உலகெங்கும் நடந்து இயற்கையை ஆராய்கிறான். அருகிலுள்ளதைப் பார்க்க வேண்டுமானால் காலணிமேல் செருப்பை மாட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்வானாம்! குனிந்து செடி தேடியவனுக்குத்தான் இது தோன்றும்.

கதை 1814-இல் வெளிவந்தது. மறு ஆண்டே ‘ரூரிக்’ என்ற ரஷ்யக் கப்பலில் ஏறி உலகைச் சுற்றப் புறப்பட்டுவிட்டார்; திரும்பியது 1818-இல். அட்லாண்டிக்கில், கப்பல் மருத்துவர் எஷ்ஷோல்ட்ஸுடன் சேர்ந்து சால்ப்பா என்ற சிறு கடலுயிரிகளை அள்ளிப் பார்த்தார். கண்ணாடி போன்ற உடல், பீப்பாய் வடிவம். ஒருபுறம் நீரை இழுத்து மறுபுறம் தள்ளி நகரும். சில தனியாக மிதக்கும், சில சங்கிலியாகக் கோத்துக்கொண்டு மிதக்கும். தனியாக இருப்பது சங்கிலியைப் பெற்றெடுக்கிறது, சங்கிலியில் இருப்பது தனியானதைப் பெற்றெடுக்கிறது என்று கண்டுகொண்டார். அதாவது, பிள்ளை தாயைப் போல இராது, பாட்டியைப் போல இருக்கும். 1819-இல் அச்சிட்டார்; பலர் நம்பவில்லை. 1842-இல் ஸ்டீன்ஸ்ட்ரப் என்ற டென்மார்க்காரர் வேறு பல உயிரினங்களிலும் இதே தலைமுறை மாற்றம் உண்டு என்று எழுதியபோது, ஷமிஸ்ஸோ இறந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன.

உன் பாட்டி கதை சொன்னால் தெருவே வந்து உட்காரும். எனக்கு நாலு வரி சேர்ந்தாற்போல் வராது. உனக்கு வருகிறதென்றால் நான் வியக்கப்போவதில்லை.

நெறியாளரிடம் வாதாட வேண்டாம். அவர் கேட்கும் அத்தியாயத்தை முதலில் முடித்துக் கொடுத்துவிடு. எனக்குக் கதையை அனுப்பு. ஆய்வேட்டை அனுப்பாதே, ஒரு வரிகூடப் புரியாது.

அன்புடன்,
அம்மா