சி மொழியில் ‘பதுளை’ எத்தனை பைட்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரம் முடித்துவிட்டு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பண்டாரவளையில் மாலை நேரத்தில் சி என்ற கணினி நிரல் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லின் நீளத்தைச் சொல்லும் செயற்கூறு ஸ்டிரிங்லென் (strlen). அவர்கள் கொண்டுவரும் தமிழ்க் குறிப்புகளில் ‘ஸ்டிரிங்லென் எழுத்துகளை எண்ணும்’ என்றே இருக்கிறது. எண்ணாது ஐயா, அது பைட்டை, அதாவது நினைவகத்தின் சிறு அலகைத்தான் எண்ணும். ‘பதுளை’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். முடிவைக் காட்டும் சுழியையும் சேர்த்து, நினைவகத்தில் இடம் எடுத்துத் தரும் மெலொக்கிடம் (malloc) 16 கேட்க வேண்டும். மூன்று எழுத்துதானே என்று சுழியோடு நான்கு கேட்டுவிட்டு, சொல்லை நகலெடுக்கும் ஸ்டிரிங்கொப்பி (strcpy) செய்தால் பக்கத்து நினைவகமும் நாசம். சில நேரம் ஒழுங்காக ஓடுவதுபோலவும் இருக்கும், அதுதான் கொடுமை.

சொன்ன அளவு வரை மட்டும் நகலெடுப்பதால் பாதுகாப்பானது என்று பலர் காட்டும் ஸ்டிரிங்-என்-கொப்பியோ (strncpy), 10 பைட் என்று வரம்பிட்டால் ‘ளை’யின் நடுவே வெட்டிவிட்டு முடிவுச் சுழியையும் போடாது. அளந்து, இடம் எடுத்து, நகலும் எடுத்துத் தரும் ஸ்டிரிங்டூப் (strdup) எவ்வளவோ மேல். சி மொழியின் சி23 தரத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். இடம் கிடைக்காமல் நல் (NULL) வருகிறதா என்று பார்ப்பதும், வேலை முடிந்ததும் ஃப்ரீ (free) செய்து இடத்தை விடுவிப்பதும் நம் பாடு.

உங்கள் மாணவர் பக்கத்தில் இப்படியொரு பாடம் போடுங்கள். உதாரணத்துக்கு ஜோன், மேரி வேண்டாம். ஹட்டன், பசறை, லுணுகலை என்றே தமிழில் இருக்கட்டும்.

தகவல் தொழில்நுட்ப ஆசிரியை,
பண்டாரவளை.