ஐப்பசிக்குள் முடிக்க வேண்டிய கிணற்றுச் சுவர்கள்: நன்கொடை வேண்டுகோள்

மலையடிவாரத்து ஊர்ப் பெரியோர்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறக்க மூன்று வாரம்தான் இருக்கிறது. மழை பிடித்துவிட்டால் கட்டட வேலை ஓடாது. கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டால் திருவண்ணாமலையில் கொத்தனாரும் கிடைக்க மாட்டார், சித்தாளும் கிடைக்க மாட்டார். மான்கள் விழுந்து சாகாமல் இருக்க, காட்டை ஒட்டிய ஏழு தரைமட்டக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பப் புறப்பட்டோம். மூன்று முடிந்தது, நான்காவது பாதியில் நிற்கிறது.

இந்த மலை மொட்டைப் பாறையாகக் கிடந்த காலத்தை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். விறகுக்கு வெட்டியது போக மிச்சத்தைக் கோடைத் தீ தின்றது. 1980களின் இறுதியில் மலையில் மரம் நடும் பணி தொடங்கியபோது நம் ஊர் ஆண்களும் பெண்களும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஏறினார்கள். தோள் காய்த்தவர்களில் சிலர் இன்றும் நம் திண்ணைகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஊற்றிய தண்ணீரில்தான் இன்று புள்ளிமான் மேய்கிறது. அண்ணாமலையாரே கையில் மான்மறி ஏந்தியவர். ரமணாசிரமத்தில் வள்ளி என்ற மானுக்குச் சமாதியே இருக்கிறது. மானுக்கு இப்படி மரியாதை செய்த மண்ணில், மான் கிணற்றில் மிதப்பதைக் காலையில் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறோம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்த் தம்பி ஒருவர் பணம் அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்டார்: “இங்கே இலையுதிர்காலத்தில் தாய் செத்தாலும் குட்டி பிழைத்துக்கொள்கிறது. அங்கே மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?” நியாயமான கேள்விதான். அந்நாட்டு வெண்வால் மான் பெரும்பாலும் மே, ஜூனில் ஈனும். அக்டோபருக்குள் குட்டி பால் மறந்து, தழை தின்று நாளை ஓட்டும் வயதுக்கு வந்துவிடும். நம் புள்ளிமான் ஆண்டின் எந்த மாதத்திலும் குட்டி போடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சரிவில் ஆறு மாதக் குட்டியும் நிற்கும், பிறந்து நான்கு நாளான குட்டியும் புல்லுக்குள் படுத்திருக்கும். பெரியது மந்தையோடு ஒட்டிக்கொண்டு தப்பிக்கலாம். சின்னதுக்குத் தாய் செத்தால் அதோடு முடிந்தது. மான் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம். இரக்கப்பட்டுப் பசும்பால் புகட்டினால் கழிச்சல் கண்டுதான் சாகும். பால் மறந்தாலும் தாயின் தேவை தீர்ந்துவிடுவதில்லை. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் செம்மான்களைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்துவரும் ஆய்வாளர்கள், அதற்குப் பிறகு தாயை இழந்த குட்டிகளிலும் சாவு கூடுவதைக் கண்டிருக்கிறார்கள்.

(இடையில் ஒரு வார்த்தை: தனியாகப் படுத்திருக்கும் குட்டியெல்லாம் அநாதை அல்ல. தாய் அதை மறைத்துவிட்டு மேயப் போயிருக்கும். தூக்கி வராதீர்கள். வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.)

ஆகவே குட்டியை வளர்ப்பது நம் வேலை அல்ல, தாயைச் சாகவிடாமல் பார்ப்பதுதான் வேலை. மழைக்காலத்தில் புல் வளர்ந்து கிணற்று விளிம்பை மூடிவிடுகிறது. தீபாவளி வெடிக்கு மிரண்டோ நாய் துரத்தியோ இரவில் ஓடிவரும் மானுக்குப் பள்ளம் தெரிவதில்லை.

கணக்கு இது. ஒரு கிணற்றுக்கு நான்கடி உயர ஹாலோ பிளாக் சுவர், கூலி உட்பட ₹42,000. ஏழு கிணற்றுக்கு ₹2,94,000. காட்டோரத்தில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் ₹28,000. தெருநாய்களைக் கருத்தடைக்கு ஏற்றிச் செல்ல வண்டி வாடகை ₹18,000. ஆக மொத்தம் ₹3,40,000. வந்தது ₹1,96,500. பற்றாக்குறை ₹1,43,500.

இதுவரை தந்தவர்களைக் கைகூப்பி வணங்குகிறோம். கிரிவலப் பாதையில் பூக்கட்டி விற்கும் அம்மா, ஒரு பௌர்ணமி வருமானம் முழுவதையும் முடிச்சோடு அவிழ்த்துக் கொடுத்தார். எண்ணிப் பார்க்கவும் விடவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் நம் பையன்கள் ஒரு வார ஓவர்டைம் கூலியை அனுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் உண்டியலில் ₹2,310 இருந்தது, பெரும்பாலும் ஐந்து ரூபாய் நாணயங்கள். பால் சொசைட்டி உறுப்பினர்கள் ஒரு வேளைப் பால் பணத்தை விட்டுக்கொடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பைப் போட்டுக் கொடுத்த பிளம்பர் கூலியே வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். நிலத்துக்காரர்களில் இருவர் தங்கள் கிணற்றுச் செலவில் பாதியைத் தாங்களே ஏற்றார்கள். மற்ற ஐவரும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம்.

நோட்டில் தொகை எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் பதினொரு பேர். பெயர் சொல்ல மனமில்லை. ஆனால் வரவு செலவைக் கோயில் பலகையில் ஒட்டும்போது, எழுதிய தொகையும் வந்த தொகையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில்தான் இருக்கும். தீபாவளிக்கு வாங்கும் வெடியில் ஒரு சரத்தைக் குறைத்தாலே ஒரு வரிசைக் கல் ஏறும்.

பணத்தை ஞாயிறு காலை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பொருளாளரிடம் தந்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூர் அன்பர்கள் வீட்டுப் பெரியவர்கள் மூலம் கொடுத்தனுப்பலாம். சிமெண்ட் மூட்டையாகத் தந்தாலும் சரி. போன மழையில் நனைந்து கட்டியான மூட்டை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
கிணற்றுச் சுவர்க் குழுவினர்