மாத்திரை அட்டையின் ஓரத்தில் மட்டும் ஒரு தேதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் தாயாரின் மாத்திரை டப்பாவை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். கத்தரியால் வெட்டப்பட்ட அட்டைத் துண்டுகள் 17 இருந்தன. அவற்றில் 11 துண்டுகளில் காலாவதி தேதி இல்லை. மூன்றில் மருந்தின் பெயர்கூட முழுதாக இல்லை. வெள்ளித்தாளின் மேல் தலையும் வாலும் போன சில எழுத்துகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. 78 வயதுப் பெண்மணி ஒருவர் ஒவ்வொரு நாளும் அந்த டப்பாவிலிருந்துதான் மருந்து எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்க எனக்கு உடல் பதறியது.

மருந்துக்கடைக்காரர்கள் மீது எனக்குக் குறையில்லை. நான்கு மாத்திரை கேட்பவருக்குத் தேதி அச்சான ஓரத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து வெட்டித் தருவதே அவர்களுக்கு முறை. இல்லாவிட்டால் கடையில் மிஞ்சும் ஆறு மாத்திரைகள் எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவை, எதுவரை நல்லவை என்று அவர்களுக்கே தெரியாமல் போய்விடும். ஆகவே, அட்டையின் ஒரு முனையில் மட்டும் தேதி இருக்கும்வரை, யாரோ ஒருவர் தேதியில்லாத மாத்திரையோடுதான் வீடு திரும்பியாக வேண்டும். முழு அட்டை வாங்கக் கையில் பணமில்லாதவரே பெரும்பாலும் அந்த ஒருவராக இருக்கிறார்.

இந்த அமைப்பு தயாரிப்பவரின் வசதியில் பிறந்தது. மருந்தின் பெயரும் வண்ணமும் தாளிலேயே முன்கூட்டி அச்சாகி வருகின்றன. தொகுதி எண்ணும் தேதியும் தொகுதிக்குத் தொகுதி மாறுவதால், மாத்திரையை அடைத்து ஒட்டும்போதுதான் அவற்றை ஓரத்தில் பதிக்கிறார்கள். பல அட்டைகளில் மை கூட இல்லாமல் வெறும் அழுத்தமாகவே பதிகிறது. பளபளக்கும் தாளை டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாலும், கண்புரை அறுவை செய்துகொண்ட என் தாயாரால் அதைப் படிக்க முடிவதில்லை. அப்படியே படித்தாலும் மாதமும் ஆண்டும் ஆங்கிலத்தில் இருக்கும். அது அந்த மாதத்தின் கடைசி நாள்வரை என்று பொருள்படும் என 1945ஆம் ஆண்டு மருந்து விதிகள் கூறுகின்றன. அட்டையோ அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

தேதியைவிட என்னை அஞ்சவைத்தது இன்னொன்று. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைப் பலர் உண்கிறார்கள். ஒரே வணிகப் பெயரில் 1 மில்லிகிராம், 2 மில்லிகிராம் எனப் பல அளவுகளில் அது வரும். வணிகப் பெயர் கொட்டை எழுத்தில். உயிரைக் காக்கவோ பறிக்கவோ வல்ல அந்த ஒற்றை இலக்கம் மட்டும் அதன் வாலில் சிறியதாக. மருத்துவர் அளவைக் கூட்டி எழுதித் தந்தபோது, என் தாயார் புதிய அட்டையை வேறொரு மருந்து என்று எண்ணிப் பழையதையும் சேர்த்தே நான்கு நாள் சாப்பிட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துபோய், உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்க, கூப்பிடக் குரல் வராமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். அந்த இரண்டு அட்டைகளும் இப்போதும் என்னிடம் உள்ளன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெளிர்நீலப் பட்டையின் அகலத்தில் ஒரு நூலளவு வித்தியாசம்தான் தெரிகிறது.

2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்பனையாகும் 300 மருந்துகளுக்குப் பார்கோடு அல்லது கியூஆர் குறியீடு கட்டாயமாகியுள்ளது. போலி மருந்துகளைக் கண்டறிய அது உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் குறியீட்டைப் படிக்க ஸ்மார்ட்போன் வேண்டும். அட்டையை வெட்டும்போது அந்தக் குறியீடும் கடையிலேயே தங்கிவிடக் கூடும்.

நல்ல வடிவமைப்பு நமக்குத் தெரியாத வித்தை அன்று. அரசு இலவசமாக வழங்கும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையைப் பாருங்கள். 28 மாத்திரைகளில் 21 வெள்ளை. மீதி ஏழும் பழுப்பு நிற இரும்புச்சத்து மாத்திரைகள். இடைவெளி விட்டு மறுபடி எப்போது தொடங்குவது என்று நாள் எண்ணிக் குழம்பத் தேவையில்லாமல், தினமும் ஒன்றாக அட்டை தீரும்வரை சாப்பிட்டு அடுத்த அட்டையைத் தொடங்கினால் போதும். எழுத்தறியாத பெண்ணுக்கும் நிறமே கணக்கைச் சொல்லிவிடுகிறது. அதை வடிவமைத்தவர்கள் உண்பவரின் கையில் அட்டை எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அந்த யோசனையை மற்ற மருந்துகளுக்கும் கொண்டுவரத் தமிழக அரசால் முடியும். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகள் முதியவர்களின் வீட்டுக்கே போய்ச் சேருகின்றன. விற்பனைக்கு அல்ல என்று அட்டையில் அச்சிடச் செய்ய முடிகிற அரசு, ஒப்பந்தப்புள்ளியில் மேலும் சில வரிகளைச் சேர்க்கலாம். ஒவ்வொரு மாத்திரையின் பின்புறமும் பெயரும் அளவும் இருக்க வேண்டும்; காலாவதி தேதி குறைந்தது இரு முனைகளிலும் கறுப்பு மையில் இருக்க வேண்டும்; அளவு மாறினால் அட்டையின் நிறமே மாற வேண்டும்; மருந்தின் பெயர் தமிழிலும் வேண்டும். அரசு அட்டைகளில் இது நடந்துவிட்டால், தனியார் நிறுவனங்களிடமும் இதையே உரிமையோடு கேட்கலாம்.

அதுவரை நான் எங்கள் ஊர் மருந்துக்கடையில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். மாத்திரையை வெட்டித் தரும்போது, காகித உறையின் மேல் பெயர், அளவு, காலாவதி மாதம் மூன்றையும் பேனாவால் தமிழில் எழுதித் தரச் சொல்கிறேன். கடைப் பையன் முகம் சுளிக்காமல் எழுதித் தருகிறான். அதற்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி.