நாலு கட்டைக்கு இறங்கி வந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தில் இப்போது 23 பேர் இருக்கிறார்கள். போன தைப் பொங்கலிலிருந்து இங்கே பாட்டு ஓடுகிறது. அதற்குக் கை கொடுத்தவர்களுக்கு நேரில் நன்றி சொன்னேன், ஆனாலும் மனசு ஆறவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுக்கூடத்தில் ஒரு பெரிய ஸ்பீக்கரை வைத்து, காலை ஆறு மணிக்கே பக்திப் பாட்டு போட ஆரம்பித்தோம். இரவு சாப்பாடு வரை நிறுத்துவதில்லை. காது மிஷின் வைத்திருப்பவர்களுக்கு அது வெறும் இரைச்சல். ஒரு பாட்டி முந்தானையைக் காதில் பொத்திக்கொண்டு கஞ்சி குடித்தார். எங்களோடு இருக்கும் இஸ்லாமியப் பாட்டியிடம், உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும் என்று யாருமே கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் அம்மா வந்தார். வந்ததும் செய்த முதல் வேலை ஸ்பீக்கரை அணைத்ததுதான். பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட பாட்டுதான் மனசில் ஆழமாக நிற்கும், அதைத் தேடுங்கள் என்றார். 1942-இல் பிறந்தவருக்கு அது ஐம்பதுகளின் நடுவில் ஆரம்பிக்கிறது: டூரிங் கொட்டகையில் படம் தொடங்குமுன் போடும் ரெக்கார்டு, டீக்கடையில் இலங்கை வானொலி. குடும்பத்தாரிடம் அவரே போன் போட்டுப் பேசி ஒரு நோட்டில் எழுதினார். இஸ்லாமியப் பாட்டியின் பக்கத்தில் நாகூர் ஹனிபா என்று மட்டும் இருந்தது. முதல் நாள் அதைக் கேட்டதும் பாட்டி, 'இதை முன்னாலேயே போட்டிருக்கலாமே' என்றார். எங்களுக்கு வேண்டியதுதான்.

டீச்சரம்மாவுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. சேர்ந்து பாடும் நேரத்தில் பாட்டிகள் முதலடியோடு நின்றுவிடுவார்கள். விருப்பமில்லை போல என்று நினைத்தோம். அவர் சுருதிப் பெட்டியை ஐந்தரைக் கட்டையிலிருந்து நாலு கட்டைக்கு இறக்கினார்; கட்டை என்பது சுருதியின் அளவு, குறைந்தால் பாட்டு தணிந்து வரும். வயதானால் பெண்களின் குரல் தணிந்துவிடும், எட்டாத இடத்தில் பாட்டை வைத்துக்கொண்டு பாடவில்லை என்றால் எப்படி? அன்றைக்குக் கூடத்தில் எழும்பிய சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

பஸ் ஸ்டாண்டு செல்போன் கடைத் தம்பிக்கு: நோட்டைப் பார்த்து ஆளுக்கு ஒரு மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தாய். கார்டுக்கு மட்டும்தான் காசு வாங்கினாய். பாட்டிகளுக்குப் பட்டன் போன்தான் சரி, டச் வேண்டாம் என்று நீ சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

ஆயாக்கள் இருவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ஒரு பாட்டி, பழைய பாட்டு ஒன்று வந்ததும் உடைந்து அழுதார். ஆயா பாட்டை நிறுத்திவிட்டு, ஏன் எதற்கு என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பாட்டு இப்போது கார்டில் இல்லை. இன்னொரு பாட்டிக்குச் சாயங்காலம் ஐந்து மணியானால் பதற்றம் வந்துவிடும். 'பொழுது சாயுது, மாட்டைக் கட்டணும்' என்று பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போய்விடுவார். மாடும் இல்லை வீடும் இல்லை என்று முன்பு விளக்கிக்கொண்டிருந்தோம். இப்போது ஆயா எதிரில் நின்று கும்மி தட்டுகிறார். பாட்டி பையை இறக்கி வைக்கிறார். தட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே.

அப்புறம், செய்யாறு பக்கத்திலிருந்து வந்த கூத்து ஜமா, அதாவது தெருக்கூத்துக் குழு. ஐப்பசி, கார்த்திகையில் ஆட்டம் குறைவு, வருகிறோம் என்றார்கள். விடிய விடிய ஆடுகிறவர்கள் எங்களுக்காக மதியம் மூன்று மணிக்கு, ஒரு மணி நேரம், மத்தளத்தைத் தணித்து வாசித்தார்கள். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் கட்டில் கட்டிலாகப் போய் வம்பிழுத்தார்.

எங்கள் தாத்தா ஒருவருக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய் இரண்டு வருஷம். கூத்து முடிந்ததும் ஜமாவை நடத்தும் வாத்தியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். தாத்தா நல்ல கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். எங்களுக்குப் புரியவில்லை. வாத்தியாருக்குப் புரிந்தது: கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஏற்றம். மேலே துலா மரத்தில் நடக்கிறவருக்கும் கீழே தண்ணீர் மொள்ளும் சால் என்ற பாத்திரத்தைப் பிடிக்கிறவருக்கும் வேகம் ஒன்றாக வர, பிள்ளையாரில் தொடங்கி ஒவ்வொரு சாலாக எண்ணிக்கொண்டே போகிற பாட்டு ஏற்றப்பாட்டு. வாத்தியார் மெல்ல எடுத்தார். மூன்றாவது சாலில் இன்னொரு குரல் சேர்ந்தது. நாலு, அஞ்சு, ஆறு என்று தாத்தா எண்ணுகிறார்! பன்னிரண்டு வரை போனார். முகவீணைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா பிறகு விளக்கினார். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்து வேலை. பாட்டுக்கு வலப்பக்கமும் கை கொடுப்பதால், பேச முடியாதவர் சிலருக்குப் பாட்டோடு சொல் வந்துவிடுமாம். தாத்தாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், திரும்பவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் இன்னும் கையால்தான் காட்டுகிறார். ஆனால் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஆயா அந்த மெட்டில் எண்ணினால் அதற்குத் தகுந்தபடி அடி எடுத்து வைக்கிறார். பதினெட்டுச் சால் தூரம்.

ஒரே ஒரு கார்டு மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. ஒன்பதாம் அறைப் பாட்டிக்குத் தேடி வர ஆளில்லை, தெலுங்கு மட்டும்தான் பேசுவார். எங்களில் யாருக்கும் அது சரியாக வராது. தெரிந்தவர்கள் யாராவது சாயங்காலம் நாலு மணிக்கு வந்து அவரிடம் பேச்சுக் கொடுங்கள். அப்போதுதான் தெளிவாக இருப்பார். வெற்றிலை கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

நன்றியுடன்,
இல்லப் பொறுப்பாளர்