இனி நான் எதற்கு என்று கேட்டாயே

பிரியமான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குத் தூத்துக்குடியில் வேலை கிடைத்துவிட்டது, பெரியவன் பெங்களூரில்தான் இருக்கிறான். போன வாரம் நம்ம கோயிலில் அசன விருந்து நடந்தது, கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது, எல்லாரும் உன்னை விசாரித்தார்கள்.

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போன காலத்தில் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது, இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால்கூட "ஆண்டவரே, இனி நான் எதற்கு?" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததிலிருந்து எனக்கு டாக்டர் மேரி வர்கீஸ் ஞாபகம்தான்.

கேரளத்துக்காரர். வேலூர் சி.எம்.சி.யில், அதுதான் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், படித்துவிட்டு அங்கேயே டாக்டராக இருந்தார். 1954-இல் சக டாக்டர்களோடு வெளியே போனபோது வண்டி கவிழ்ந்து முதுகெலும்பு அடிபட்டது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை, முகத்திலும் பெரிய காயம். முப்பது வயதுகூட ஆகவில்லை. பிரசவ மருத்துவம் பார்க்க நினைத்திருந்தவர், இனி நிற்கவே முடியாது என்றால் என்ன செய்வார்? அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார், நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயில் நரம்பு செத்து விரல்கள் மடங்கிப்போன கைகளுக்கு, வேலை செய்கிற தசைநாரை இடம் மாற்றிக் கட்டித் திரும்பவும் விரலை நீட்டி மடக்க வைக்கும் ஆபரேஷனை வளர்த்தவர் அவர். கைக்குச் செய்கிற ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று அவர்தான் மேரியிடம் சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி அந்தக் கைகளைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார், 1966-இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் இறக்கும்வரை சக்கர நாற்காலிதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மையம் வரவேண்டும் என்பதற்காகக் கர்த்தர் அந்த வண்டியைக் கவிழ்த்தார் என்று யாராவது பிரசங்கம் பண்ணினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் அறிந்த ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் உடைந்தது போக மிச்சம் இருந்த இரண்டு கையை அவர் கேட்டார், மேரி கொடுத்தார், இதை முழு மனதோடு நம்புகிறேன். கன்வென்ஷன் கூட்டங்களில் "உன்னைக்கொண்டு பெரிய காரியம் செய்வார்" என்று வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு, நோக்கம் என்றால் என்றைக்கோ வானத்திலிருந்து வரப்போகிற ஒரு பெரிய அழைப்பு என்று நம்மில் பலபேர் காத்திருக்கிறோம். மோசேயிடம் கர்த்தர் உன் கையில் என்ன இருக்கிறது என்றுதானே கேட்டார், இருந்தது ஆடு மேய்க்கிற கோல்.

நான் ஆபீஸை விட்டு வந்த பிறகு என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்கிறேன், காப்பீட்டு அட்டை, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு என்று ஏதாவது இருக்கும். முக்கூடல் பக்கத்துப் பாட்டி ஒருத்தி வந்தாள், ஆயுசெல்லாம் பீடி சுற்றின கை. பி.எஃப். பென்ஷன் மாதம் 1000 ரூபாய், அதற்கு வருஷம் ஒருதடவை ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டும், போன இடத்தில் மெஷினில் ரேகை விழவில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். விரலைப் பிடித்துப் பார்த்தேன், புகையிலைக் கறை மட்டும் இருக்கிறது, ரேகை தேய்ந்து தோல் வழவழவென்று இருக்கிறது. முகத்தைக் காட்டி போனிலேயே எடுக்கலாம் என்று பாட்டிக்குத் தெரியாது. முக்காட்டை ஒதுக்கச் சொல்லி, கண்ணைச் சிமிட்டச் சொல்லி, ஒருவழியாகச் சான்றிதழ் வந்தது. "நா உசுரோடதாம் இருக்கேன்னு ஒத்துக்கிட்டானா?" என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் எனக்கு ஆண்டவரிடம் கேட்க ஒன்றுமில்லை, நன்றிதான் சொன்னேன்.

ஆபீஸில் காலமெல்லாம் பாரம் எழுதினேன், அது சம்பளத்துக்கு. இப்போதும் அதே பாரம்தான், ஆனால் இதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார் என்று தெரிகிறது. உனக்கு முட்டி வலிக்கிறது, கணக்கு மறந்துபோகவில்லையே? உங்கள் சபையில் பத்தாம் வகுப்புக் கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே சொல்லிக்கொடுக்கலாம், போதகர் ஐயரிடம் நீயே வாய்விட்டுக் கேள், அவராக வந்து கூப்பிடட்டும் என்று இருக்காதே.

அடுத்த மாதம் மைத்துனரைச் செக்கப்புக்கு வேலூர் கூட்டிப்போகிறேன். நீயும் வா, சென்னையிலிருந்து ரயிலேறினால் காட்பாடியில் இறங்கலாம், நானே ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். பாகாயத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம். டாக்டர் பயணம் போகலாம் என்று சொல்கிறாரா என்று கேட்டு எழுது, டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உனக்காக ஜெபிக்கிற,
உன் நண்பன்