குதிரையை ஏன் அவிழ்த்தார்கள்?

ஐயா,

ஆசிரியர் தினம் வந்தால் எங்கள் வேலூரில் டாக்டர் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை விழும். ஊரிசு கல்லூரியில் படித்தவர் என்று ஒரு வரி சொல்வார்கள். அப்புறம் கலை நிகழ்ச்சிதான்.

1888-ல் அன்றைய வட ஆற்காட்டுத் திருத்தணியில் பிறந்தவர். உறவினர் ஒருவர் கொடுத்த பழைய பாடப்புத்தகங்களை வைத்தே தத்துவம் படிக்கப் போனார். 1921-ல் மைசூரை விட்டு கல்கத்தா கிளம்பியபோது, மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள். மார்க் போட்டதற்காகவா இழுத்திருப்பார்கள்? பாடம் நடத்திய விதத்துக்காகத்தானே! இன்றைய ஆசிரியர் பயிற்சியில் அதைப் பார்க்கிறோமா?

நான் வேலை பார்த்த பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த பி.எட். மாணவி ஒருவர், ராத்திரியெல்லாம் கண்விழித்து தெர்மாகோலில் இதயம் செய்து வந்தார். அழகுதான். ஆனால் கடைசி பெஞ்சுப் பையன் நோட்டில் இதயத்தை வலப்பக்கம் வரைந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பயிற்சியில் அவருக்கு மதிப்பெண் தெர்மாகோலுக்குத்தானே!

பி.எட். மாணவர்களைப் பயிற்சி நாட்களில் ஒரு வாரமாவது சார்ட் இல்லாமல், வெறும் சாக்பீஸோடு வகுப்புக்கு அனுப்பிப் பாருங்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.