பார்சலில் நான்கு புத்தகம்

அன்புள்ள கவிதா,

பார்சலை நாளை தபாலில் சேர்க்கிறோம். நான்கு புத்தகம், கொஞ்சம் சாம்பார் பொடி. பொடி வாசனை ஏறிவிடக் கூடாது என்று அப்பா புத்தகங்களைத் தனியாகச் சுற்றிக் கட்டியிருக்கிறார். எதை முதலில் படிக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருப்பேன். நீ இப்போதெல்லாம் "சரிம்மா, வைக்கட்டுமா" என்று கேட்டுவிடுகிறாய். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை.

நான் இப்போது படித்துக்கொண்டிருப்பது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிற பொன்னாச்சியின் கதை. நீலகிரி மலையில் வாழும் படகர்களோடும், தூத்துக்குடி உப்பளத்து ஜனங்களோடும் நேரில் பேசிப் பழகி எழுதியவர் அவர். பக்கத்துக்குப் பக்கம் அது தெரிகிறது. என்னிடம் இருப்பது நூலகப் பிரதி, உனக்குப் புதிதாக வாங்கினேன். நடுவில் சில இடங்களில் பிரசங்கம் நீள்கிறது. உனக்குப் பொறுமை போய்விடும். அதற்காக மூடி வைத்துவிடாதே. இரவு படுக்கும் முன் பத்துப் பக்கம் படித்தால் போதும்.

ஆனால் முதலில் பிரிக்க வேண்டியது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 2019ல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது நீ இங்கேதான் இருந்தாய். படி என்று கையில் கொடுத்தேன். "குடத்தைத் தூக்கிக்கிட்டு லாரிக்கு ஓடறேன், வீட்டுக்கு வந்தும் குடத்தைப் பத்தியே படிக்கணுமா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாய். சரி, அன்றைக்கு அது நியாயம்தான். 1973ல் வந்த நாவல், இந்த ஊரின் தெருவும் குழாயடியும் அப்படியே இருக்கின்றன. செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்து குடியேறின அசோகமித்திரனுக்கு இங்கே பிறந்தவர்களைவிட இந்த ஊர் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் நான் உனக்கு அனுப்புவது தண்ணீருக்காக இல்லை. ஜமுனாவுக்காகவும் அந்த டீச்சரம்மாவுக்காகவும். ஜமுனா மனசு விட்டுப் போய்க் கிடக்கும்போது டீச்சரம்மா தன் வாழ்க்கையை எடுத்துச் சொல்கிற இடம் ஒன்று வரும். சின்னப் புத்தகம்தான், இருந்தாலும் அந்த இடம் வரும்போது அவசரப்படாமல் படி. டீச்சரம்மா ரொம்பக் கடுமையாகப் பேசுகிறாள் என்று நூலகத்துக்கு வருகிற தோழி ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்று ஜமுனாவுக்குத் தெரிந்ததே பெரிய விஷயம். பெண்கள் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடலாம் என்று நினைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கதையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மற்ற இரண்டும் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்', சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. முதலாவது, நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சாப்பிடக்கூட வராமல் படித்தாயே 'கோபல்ல கிராமம்', அதன் தொடர்ச்சி. 'சாயாவனம்' கரும்பு ஆலை வைப்பதற்காக ஒரு வனத்தையே அழிக்கிற கதை. மனசு சரியில்லாத நாளில் அதைத் தொடாதே, கி.ரா.வை எடு.

போன வருஷம் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' படித்துவிட்டு எனக்கு எவ்வளவு நீளமாக எழுதியிருந்தாய்! அதைத் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். "உங்கள் பெண் எழுதலாமே" என்றார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்படி எழுதின பெண் இப்போது "படிக்க நேரமில்லைம்மா" என்கிறாள். சித்தியிடம் மட்டும் என்னென்னவோ படிப்பதாகச் சொல்லியிருக்கிறாய். என்ன புத்தகம் என்று சித்திக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு வருத்தம்தான். உனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது நான், சித்தி இல்லை.

பார்சலுக்கு நீ அனுப்பின முகவரி புதிதாக இருந்தது. அப்படியே எழுதிவிட்டேன். அப்பா கேட்டார். அலுவலகத்துக்குப் பக்கமாக இருக்கும் என்றேன். மாப்பிள்ளைக்கு என்று ஒரு புத்தகம் எடுத்து வைத்திருந்தேன், அப்புறம் எடை கூடுகிறது என்று வெளியே எடுத்துவிட்டேன். அனுப்ப வேண்டுமானால் சொல், அடுத்த பார்சலில் சேர்க்கிறேன். வேண்டாம் என்றாலும் சொல். காரணமெல்லாம் எழுத வேண்டியதில்லை.

அப்பா மறுபடியும் 'பொன்னியின் செல்வன்' எடுத்திருக்கிறார், மூன்றாம் பாகம் ஓடுகிறது. முட்டி வலி பரவாயில்லை. சாயங்காலம் புத்தகத்தை மூடினதும் "கவிதா பேசினாளா?" என்பதுதான் முதல் கேள்வி. கோட்டூர்புரம் நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனி இடம் உண்டே, நீ பரீட்சைக்குப் படித்த இடம், போன வாரம் அங்கே போய் வந்தோம்.

டப்ளினில் குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று நீதான் சொன்னாய். வேலையிலிருந்து வந்து விளக்கைப் போடாமல் போனை வைத்துக்கொண்டு உட்காராதே. சாப்பிடு. பத்துப் பக்கம் படி. படித்ததைப் பற்றி நாலு வரி எழுது, போதும். பிடித்தது, பிடிக்காதது, ஜமுனா மேல் கோபம் வந்தால் அந்தக் கோபம், எது வேண்டுமானாலும் எழுது. என்ன எழுதினாலும் நான் அதற்கு மேல் தோண்டிக் கேட்க மாட்டேன். பேச வேண்டும் என்று தோன்றினால் இங்கே ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, போன் என் தலைமாட்டில்தான் இருக்கும்.

பார்சல் வரும் நேரம் நீ வேலையில் இருந்தால் அந்த வீட்டில் யார் வாங்கி வைப்பார்கள்? அதை மட்டுமாவது உடனே எழுது.

அம்மா